பார்சல் வந்தால் மனசு சரியாகுமா?



போன மாதம் நம் ஞாயிறு வகுப்பில் ஆசை, தேவை இரண்டையும் பற்றிப் பாடம் நடந்தது. முடிந்து எல்லாரும் மீ கோரேங் தட்டோடு வெளியே நின்றுகொண்டிருந்தபோது ஒரு தம்பி மட்டும் என் பக்கத்தில் வந்தான்.

"அண்ணா, நான் குடிக்கிறதில்ல. சிகரெட் இல்ல. சூது இல்ல. சம்பளம் வந்தா பேட்மிண்டன் ராக்கெட் வாங்குவேன், அவ்வளவுதான். அதுவும் தப்பா?"

"எத்தனை ராக்கெட் இருக்கு?"

"ஏழு."

"வாரத்துல எத்தனை நாள் விளையாடுற?"

கொஞ்சம் யோசித்தான். "இப்ப ரெண்டு மாசமா போகலண்ணா. ஆனா நேத்து ராத்திரி ஒண்ணு ஆர்டர் பண்ணேன்."

அப்போது அவனுக்கு ஒழுங்கான பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அடுத்த மாசம் பேசுவோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காரணம், அவன் ராக்கெட் வாங்கிய மாதிரியே நான் கேமரா லென்ஸ் வாங்கியவன். என் கதையைச் சொல்லாமல் அவனுக்குப் பாடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் இந்த மாதப் பாடத்தை என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

1. அலமாரி நிறைந்த கதை

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியனாகச் சேர்ந்தபோது எனக்கு வயது 24. வீடு சுங்கை பட்டாணியில். பினாங்கில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாகத் தங்கினேன். முதல் போனசில் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். அதோடு வந்த 18-55 மிமீ லென்ஸ் ஒன்றுதான். அந்த வருடத் தைப்பூசத்தில் வெள்ளி ரதம் புறப்பட்டதிலிருந்து தண்ணீர்மலை வரைக்கும் நடந்தே படம் எடுத்தேன். கால் வீங்கிப் போனது. ஆனால் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் முகத்தில் சிரிப்பு வரும்.

அதற்குப் பிறகு இரவு ஷிஃப்ட் வந்தது. காலை ஏழரைக்கு வேலை முடியும். அறைக்கு வந்தால் தூக்கம் வராது. கூட்டாளிகள் எல்லாரும் அந்த நேரத்தில் வேலைக்குப் போயிருப்பார்கள். எனக்கென்று பேசி வைத்திருந்த பதவி உயர்வு வேறு ஒருவருக்குப் போனது. வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சம்பந்தமும் தட்டிப் போனது. இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. படுத்துக்கொண்டு கைப்பேசியில் லென்ஸ் விமர்சனக் காணொளிகள் பார்ப்பேன். ஒன்று முடிந்தால் அடுத்தது.

முதலில் 50 மிமீ, எஃப் 1.8. விலை குறைவு, வெளிச்சம் குறைந்த இடத்திலும் நன்றாக எடுக்கும். அது நல்ல முடிவுதான், இன்றைக்கும் சொல்வேன். அதன் பிறகு 35 மிமீ வந்தது. முக்காலி வந்தது. செகண்ட் ஹேண்டில் ஒரு 70-200. ஃபிளாஷ் இரண்டு. பை மூன்று. நம் ஊர் ஈரப்பதத்தில் சும்மா வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று ஒரு உலர் அலமாரி. அலமாரி வந்ததும் அதில் காலி இடம் தெரிந்தது. காலி இடம் கண்ணை உறுத்தியது. அதற்கும் வாங்கினேன்.

ஆர்டர் பண்ணுகிற அந்த நொடியில் மனசு லேசாகும். பார்சல் எங்கே வந்திருக்கிறது என்று மணிக்கு ஒரு முறை பார்ப்பேன். ஜூருவுக்கு வந்துவிட்டது என்று காட்டினால் வேலையிலேயே ஒரு உற்சாகம். பெட்டி கைக்கு வந்து, பிரித்து, இரண்டு நாள் ஆனதும் பழைய கனம் திரும்ப வந்து நெஞ்சில் உட்காரும். படம் எடுக்கப் போவதோ நின்றே போனது.

2. மூளை எதற்குத் துள்ளுகிறது?

இது ஏன் நடக்கிறது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளை வைத்துச் சோதனை செய்தார். குரங்குக்குப் பழச்சாறு கொடுத்தால், டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் சுறுசுறுப்பாகின்றன. சாறு வருவதற்கு முன் ஒரு சமிக்ஞை காட்டிப் பழக்கினார். பழகிய பிறகு, அணுக்கள் சமிக்ஞைக்குத்தான் துள்ளின. சாறு வந்தபோது பெரிதாக ஒன்றும் இல்லை. சமிக்ஞையைக் காட்டிவிட்டுச் சாறு கொடுக்காமல் விட்டால், வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கிப் போயின.

கென்ட் பெரிட்ஜ் என்ற இன்னொரு ஆய்வாளர், வேண்டும் என்று துடிப்பதும் கிடைத்ததை ரசிப்பதும் மூளையில் இரண்டு தனித்தனி வேலை என்று காட்டினார். ஒன்று ஏறிக்கொண்டே போகலாம், மற்றது அசையாமல் கிடக்கலாம்.

என் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். காணொளியும், விலை குறைப்பும், பார்சல் நகரும் செய்தியும் எனக்குச் சமிக்ஞை. லென்ஸ் என்பது சாறு. நான் துள்ளியதெல்லாம் சமிக்ஞைக்கு. 9.9, 11.11, 12.12 என்று வருடக் கடைசி மாதங்களில் வரிசையாக விற்பனை வைத்து, மணி இறங்கிக்கொண்டே போகும் கடிகாரத்தைத் திரையில் காட்டுகிறார்களே, அது சும்மா இல்லை.

இன்னொன்றும் உண்டு. புதுசு எதுவும் சீக்கிரம் பழசாகிவிடும். நல்லது நடந்தாலும் மனசு கொஞ்ச நாளில் பழைய மட்டத்துக்கே திரும்பிவிடுகிறது என்று பிரிக்மன், கேம்பல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1971லேயே எழுதினார்கள். இரண்டு நாளில் எனக்குக் கனம் திரும்பியதற்கு அந்த லென்ஸ் காரணம் இல்லை. எதை வாங்கியிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்.

3. ஒன்று வந்தால் ஒன்பது வரும்

18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் டெனி டிடரோ என்ற அறிஞர் இருந்தார். அவருக்கு அழகான புது அங்கி ஒன்று கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தால், பழைய நாற்காலி, பழைய மேசை எதுவும் அதற்குப் பொருத்தமாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக மாற்றினார். கடைசியில், பழைய அங்கிக்கு நான் எஜமானாக இருந்தேன், புதியதற்கு அடிமையாகிவிட்டேன் என்ற பொருளில் வருத்தப்பட்டு ஒரு கட்டுரையே எழுதினார். 1980களில் கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானிடவியலாளர் இதற்கு 'டிடரோ விளைவு' என்று பெயர் வைத்தார். என் உலர் அலமாரிக் கதைக்கும் இதுதான் பெயர்.

இசைக்கலைஞர்கள் நடுவில் 'காஸ்' என்று ஒரு கேலிப் பேச்சு உண்டு. ஸ்டீலி டேன் இசைக்குழுவின் வால்டர் பெக்கர் 1990களில் ஓர் இதழில், கித்தார் வாங்கிக் குவிக்கும் 'வியாதி' என்று சிரிக்கச் சிரிக்க எழுதினார். பிறகு கேமராக்காரர், மீன்பிடிக்காரர், சைக்கிள்காரர் எல்லாரும் அந்தப் பெயரைத் தங்களுக்கும் எடுத்துக்கொண்டார்கள். நாங்களும் குழுவில் "எனக்குக் காஸ் வந்துருச்சு லா" என்று சொல்லிச் சிரிப்போம். அப்படிச் சிரித்துச் சிரித்தே நான் பல மாதம் என்னை ஏமாற்றிக்கொண்டேன்.

4. கீதை காட்டும் படிக்கட்டு

பகவத்கீதை இரண்டாம் அத்தியாயத்தில் 62, 63ஆம் சுலோகங்களை நம் வகுப்பில் பல முறை சொல்லியிருக்கிறோம். ஒரு பொருளையே நினைத்துக்கொண்டிருந்தால் அதன்மேல் பற்று வரும். பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம், மயக்கத்தால் நினைவுத் தடுமாற்றம், அதனால் புத்தி நாசம். கண்ணன் அர்ஜுனனுக்குச் சொன்ன இந்த வரிசை ஏதோ பெரிய பாவிகளுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

என் படிக்கட்டைக் கேளுங்கள். நினைப்பது, காலையில் மூன்று மணி நேரம் காணொளி. பற்றும் ஆசையும் மேலே சொல்லிவிட்டேன். கோபம்? தங்கச்சி டிப்ளோமா படிக்க லேப்டாப் கேட்டாள். "கொஞ்சம் பொறு, இப்ப காசு இல்ல" என்றேன். "அண்ணா, உங்க கேமரா பைக்குள்ளேயே என் லேப்டாப் மூணு இருக்கு" என்றாள். வீடே அதிரக் கத்தினேன். அவள் சொன்னது உண்மை என்பதால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன். நினைவுத் தடுமாற்றம்? ஒரு ஃபில்டரை வாங்கிப் பிரித்தபோது, அதே அளவில் அதே ஃபில்டர் பெட்டிகூடப் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. மோட்டாருக்கு ரோட் டேக்ஸ் முடிந்ததோ ஞாபகமே இல்லை.

இந்த வரிசையில் முதல் படி வாங்குவது இல்லை என்பதைக் கவனியுங்கள். அதையே நினைத்துக்கொண்டிருப்பதுதான் முதல் படி. நிறுத்த வேண்டிய இடமும் அங்கேதான். கடைசிப் படியில் நின்றுகொண்டு நிறுத்தப் பார்த்தால் முடியாது, நான் முயன்று பார்த்தவன்.

பதஞ்சலி யோக சூத்திரத்தில் ஐந்து யமங்களில் கடைசியாக வருவது அபரிக்ரஹம். தேவைக்கு மேல் சேர்த்து வைத்துக்கொள்ளாமை. இதைத் துறவிக்கான விதி என்று ஒதுக்கிவிடக் கூடாது. அலமாரி வைத்திருக்கிற எல்லாருக்கும் அது பொருந்தும்.

5. ஆயுத பூஜை அன்று

அந்த வருட ஆயுத பூஜைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா லாரி ஓட்டியவர். முப்பது வருட ஸ்பேனர் பெட்டியைத் துடைத்து வைத்தார். அம்மா அருவாமனையையும் தையல் மெஷினையும் வைத்தார். நான் என் சாமான்களை எல்லாம் பரப்பினேன். மேசை போதவில்லை, கீழே பாய் விரித்தோம்.

சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே வந்த அப்பா, "தம்பி, இதெல்லாம் என்ன வேலை செய்யுது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பாதிக்கு மேல் போன ஆயுத பூஜைக்குப் பிறகு நான் தொடவே இல்லை. அப்பா ஸ்பேனரில் எண்ணெய்க் கறை இருந்தது. என் லென்ஸ்களில் விரல் ரேகைகூட இல்லை. உழைத்த கருவிக்குத்தானே நன்றி சொல்கிறோம்? உழைக்காத கருவிக்குப் பொட்டு வைக்கும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

பூஜை முடிந்து அப்பா வேட்டி சட்டையோடு வாசலில் நின்றார். "எங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடுயேன்." நான் வெளியே பார்த்தேன். மேகமூட்டம். "வெளிச்சம் சரியில்லப்பா. ஆள் படத்துக்குன்னே ஒரு லென்ஸ் சொல்லியிருக்கேன், தீபாவளிக்கு வந்துடும். அப்ப எடுப்போம்" என்றேன். "சரி" என்று உள்ளே போய்விட்டார்.

தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு அப்பா மாரடைப்பில் தவறிவிட்டார்.

மாலை போட ஒரு படம் தேடினோம். என் கணினியில் ஆயிரக்கணக்கில் படம் இருந்தது. புது லென்ஸைச் சோதிக்க எடுத்த செங்கல் சுவர், பூந்தொட்டி, பக்கத்து வீட்டுப் பூனை. அப்பா தனியாக நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஐசியில் இருந்த படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கினோம். இன்றைக்கும் வீட்டில் இருப்பது அந்த மங்கலான படம்தான்.

அதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் இரவு இன்னொரு லென்ஸ் ஆர்டர் செய்தேன். துக்கம் தாங்க முடியவில்லை, எனக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். பார்சல் வந்ததை அம்மாதான் வாங்கி வைத்தார். "யாரைப் படம் எடுக்கய்யா இது?" என்று கேட்டார். திட்டவில்லை, கேட்டார். நான் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன். அதுதான் நான் திருப்பி அனுப்பிய முதல் பார்சல்.

6. கணக்கு நோட்டு

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று வருடத்தில் 15,300 ரிங்கிட். கடன் அட்டையில் மட்டும் 6,000 ரிங்கிட் நின்றது.

இந்தக் கணக்கைக் கவனமாகப் பாருங்கள். நம் நாட்டில் கடன் அட்டை வட்டி வருடத்துக்கு 18 விழுக்காடு வரை போகும். மாதத்துக்கு 1.5 விழுக்காடு. 6,000 ரிங்கிட்டுக்கு ஒரு மாத வட்டி 90 ரிங்கிட். குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டைக் கட்டினால் 300 ரிங்கிட். அதில் 90 வட்டிக்கே போய்விட, கடனில் குறைவது 210 மட்டும். கடன் குறையக் குறைய அந்தக் குறைந்தபட்சத் தொகையும் குறையும், அதனால் முடிக்கப் பல வருடம் இழுக்கும். 'வட்டியில்லாத் தவணை' என்று வாங்கியவை தனி. ஒவ்வொன்றும் மாதம் 60, 80 என்று சின்னதாகத் தெரியும். என்னிடம் அப்படி ஐந்து இருந்தது.

7. நான் செய்தவை

ஒன்று, ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டேன். தேதி, என்ன வாங்கத் தோன்றியது, அதற்கு முன் என்ன நடந்தது. இரண்டு மாதத்தில் 22 முறை எழுதினேன். அதில் 17 முறை மூன்றாவது கட்டத்தில் இருந்தது இரவு வேலை, மேலதிகாரியின் பேச்சு, அப்பா ஞாபகம், இவற்றில் ஒன்று. லென்ஸ் தேவைப்பட்டதால் தோன்றியது இரண்டே முறை.

இரண்டு, விற்பனைத் தளங்களில் சேமித்து வைத்திருந்த அட்டை எண்ணை நீக்கினேன். ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பர்ஸை எடுக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் பெரிய உதவி.

மூன்று, வேண்டும் என்று தோன்றுவதை எழுதி 30 நாள் காத்திருப்பது. பெரும்பாலானவை பத்தாம் நாளே மறந்துபோயின.

நான்கு, விற்றேன். கேமரா ஒன்றும் 50 மிமீ ஒன்றும் மட்டும் வைத்துக்கொண்டேன். கிடைத்த 6,900 ரிங்கிட்டில் முதலில் கடன் அட்டையை அடைத்தேன், மிச்சத்தைத் தங்கச்சி லேப்டாப்புக்குக் கொடுத்தேன். ஒரு லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்தது, அதை யாரும் வாங்கவில்லை. இன்னும் என் மேசையில் இருக்கிறது.

ஐந்தாவதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. காலையில் வேலை முடிந்ததும் காணொளி பார்ப்பதற்குப் பதில் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். முதல் வாரம் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. "பசியாறிட்டீங்களா?" என்பதற்கு மேல் வரவில்லை. மூன்றாவது வாரம் நான் அழுதேன், அம்மாவும் அழுதார். அன்று காலை நன்றாகத் தூங்கினேன்.

நடுவில் ஒரு 11.11இல் சறுக்கி ஒரு முக்காலி வாங்கினேன். அதையும் நோட்டில் எழுதினேன்.

8. எப்போது உதவி கேட்க வேண்டும்?

அளவுக்கு மீறி வாங்கும் பழக்கத்தை மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் நூறு வருடத்துக்கு முன்பே ஒரு நோயாக எழுதியிருக்கிறார். 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அது தனி நோயாகச் சேர்க்கப்படவில்லை. எனவே நாலு ராக்கெட் வைத்திருப்பவனை நோயாளி என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் வாங்கியதை வீட்டில் ஒளித்து வைத்தால், கடன் வாங்கி வாங்கினால், நிறுத்த நினைத்தும் முடியாவிட்டால், எந்த நேரமும் மனசு பாரமாகவே இருந்தால், தனியாகப் போராடாதீர்கள். கடன் சிக்கலுக்கு 2006இலிருந்து ஏகேபிகே இலவசமாக ஆலோசனை தருகிறது. மனச்சோர்வுக்கு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் பேசலாம், சுகாதார அமைச்சின் ஹீல் 15555 எண்ணை அழைக்கலாம். பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினரும் காது கொடுத்துக் கேட்பார்கள். சாமி கும்பிடுகிறவன் இதற்கெல்லாம் போகலாமா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். காய்ச்சலுக்குப் போகிறோமே, அது மாதிரிதான்.

9. அந்தத் தம்பிக்குப் பதில்

தம்பி, ராக்கெட் வாங்குவது தப்பில்லை. நல்ல கருவி மேல் ஆசைப்படுவதும் தப்பில்லை. நேற்று ராத்திரி எட்டாவது ராக்கெட்டை ஆர்டர் பண்ணுவதற்கு முன்னால் உனக்கு என்ன நடந்தது, அதைச் சொல். இரண்டு மாதமாக ஏன் விளையாடப் போகவில்லை, அதையும் சொல். ராக்கெட்டைப் பற்றிப் பிறகு பேசலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் கோர்ட்டுக்கு வருகிறேன். எனக்கு ராக்கெட் இல்லை, உன்னிடம் ஒன்று வாங்கிக்கொள்கிறேன்.

நான் இப்போது மாதம் ஒரு முறை நம் கோயிலுக்கு வரும் தாத்தா பாட்டிமார்களை, அவர்கள் சம்மதத்தோடு, மண்டபத்து ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்துப் படம் எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறேன். அதே பழைய 50 மிமீதான். மேகமூட்டமாக இருந்தாலும் எடுக்கிறேன்.

கலந்துரையாட

1. கடைசியாக நீங்கள் வாங்கிய பொழுதுபோக்குப் பொருள் எது? அதை வாங்கிய நாளில் உங்கள் மனநிலை எப்படி இருந்தது?

2. கீதை சொல்லும் வரிசையில், உங்கள் கைப்பேசி எந்தப் படியில் வருகிறது?

3. அடுத்த ஆயுத பூஜைக்கு உங்கள் சாமான்களைப் பரப்பினால், உழைத்தவை எத்தனை, உழைக்காதவை எத்தனை?

இந்த மாதப் பயிற்சி

மூன்று கட்ட நோட்டை 30 நாள் எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். அதோடு, வீட்டில் பெரியவர் யாராவது ஏதோ ஒன்று கேட்டு, "அப்புறம் செய்றேன்" என்று நீங்கள் தள்ளி வைத்திருந்தால், அதை இந்த வாரமே, கையில் இருக்கிற கருவியை வைத்தே செய்து கொடுங்கள்.